திரும்பாதவர்கள்

நாச்சிமுத்துவின் மணிக்கட்டில் காப்பு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவன் காலையிலேயே செத்துப்போயிருந்தான்.

அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில் நின்று சுகந்தி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணிக்கு வெளியே அவனுடைய இடது கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நக இடுக்குகளில் நீலச்சாயம் அப்பியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, அதன் நடுவே பொட்டளவில் ஒரு விளக்கு. அவன் உயிரோடு இருந்தவரை மஞ்சளும் சிவப்புமாக மாறி மாறி அவனைப் பாடாய்ப் படுத்திய விளக்கு.

“என்னக்கா இது?” என்றாள் நாச்சிமுத்துவின் மனைவி பாப்பாத்தி. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. “ஒருநா ஒருபொழுது இது பச்சையா எரிஞ்சு நான் பாத்ததில்ல. இப்ப எதுக்கு எரியுது?”

சுகந்தி, காப்பு கெட்டுப்போயிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

சுகந்தி வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் ‘மறுகரை’. ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவர்கள் மறுபடி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் தொழில். சிறை வாசலில் போய் நின்று ஆளைக் கூட்டிவந்து, வாடகைக்கு வீடு பிடித்துக்கொடுத்து, திருப்பூர்ப் பக்கத்தில் ஏதாவதொரு வேலையில் சேர்த்துவிட்டு, குடிக்காமல் அடிதடிக்குப் போகாமல் காபந்து செய்கிற துணையாளர்களில் அவளும் ஒருத்தி. சமூகப்பணி படித்துவிட்டு எங்கெங்கோ அல்லாடியவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றுவாள். அவளுடைய ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்திருக்கிறாள். ஒருவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணமே செய்துவைத்திருக்கிறாள்.

காப்பு வந்தபோது முதலில் மகிழ்ந்தவளும் அவள்தான். போட்டிருப்பவனின் நாடித்துடிப்பு, தூக்கம், குரலின் சூடு, அவன் போகிற இடம், பழகுகிற ஆள் எல்லாவற்றையும் அது கவனித்தது. இவன் மறுபடி ஜெயிலுக்குப் போகக்கூடும் என்று அதற்குத் தோன்றினால் விளக்கு மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும்; போகமாட்டான் என்று உறுதியானால் பச்சை. உடனே சுகந்தியின் கைபேசிக்குச் செய்தி வரும். அவனிடம் பேசு, டாக்டரிடம் கூட்டிப்போ, வேலையை மாற்று என்று என்ன செய்யவேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். அவள் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் ஒரே ஒருவன்தான் கேட்டிருக்கிறான். மாரப்பன். இருபத்திரண்டு வயதில் கோயில் திருவிழாச் சண்டையில் ஒருவனைக் குத்திவிட்டுப் போய், நரைத்த தலையோடு வெளியே வந்தவன். சிறை வாசலில் காப்பைப் பூட்டும்போது கையை இழுத்துக்கொண்டு கேட்டான்.

“இத்தன செலவு பண்றாங்களே, ஆருங்க மேடம் அவிங்க?”

“வெளியூர்ப் பணக்காரங்க போட்ட பணம்ங்க. நீங்க மூணு வருஷம் திரும்ப உள்ள போகாம இருந்தா, அரசாங்கம் அவங்களுக்கு அந்தப் பணத்தை லாபத்தோட குடுத்துரும். நீங்க போயிட்டா அவங்களுக்கு நட்டம்.”

“அப்ப எம்மேல பந்தயம் கட்டியிருக்காங்க.”

“பந்தயம்னு வெச்சுக்கிட்டாலும், நீங்க நல்லாயிருக்கணும்னு கட்டின பந்தயம்தானே?”

மாரப்பன் கொஞ்சம் யோசித்தான். “அதுவுஞ் செரிதானுங்க” என்று கையை நீட்டினான்.

அந்த மாரப்பன்தான் நாச்சிமுத்துவைத் தொட்டியிலிருந்து தூக்கியவன். இருவருக்கும் ஒரே சாயப்பட்டறையில் வேலை. மாரப்பன் பாய்லரில். நாச்சிமுத்து, பைக் திருடிவிட்டு உள்ளே போய்வந்த கலகலப்பான ஆள், இரண்டு மாதம் முன்புதான் அங்கே வந்தான். வேலையின் பெயர் ‘சுத்திகரிப்பு உதவியாளர்’. சாயக்கழிவு தேங்கி நிற்கும் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கி, அடியில் படியும் சேற்றை அள்ளுவதற்குத்தான் அப்படியொரு பெயர்.

பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாரப்பன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் சேறு. அவன் காப்பு சிவப்பாக எரிந்தது.

“மூஞ்சிக்கு ஏதாச்சும் மாட்டிவிட்டாங்களா?” என்று கேட்டாள் சுகந்தி.

“துண்டத்தான் கட்டிட்டு எறங்குனானுங்க. மேல நின்னவங்க பேச்சுக் குடுத்துட்டே இருந்தாங்க. ரெண்டு வார்த்த பேசுனான். மூணாவதுக்குச் சத்தமில்ல. நாங் கவுத்தக் கட்டிட்டு எறங்கித் தூக்கறப்பவே கழுத்துத் தொங்கிப்போச்சுங்க.” மாரப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். “போன வாரங்கூட உங்ககிட்டச் சொன்னானாமே, வேற எடம் மாத்திக் குடுங்கன்னு.”

சொல்லியிருந்தான். நாத்தம் தாங்கல அக்கா, சோறு எறங்க மாட்டேங்குது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சுகந்தி வேலை மாற்றம் கேட்டு அன்றைக்கே அனுப்பிவைத்தாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

பட்டறை முதலாளி விபத்து என்று எழுதிக்கொடுத்தார். பாப்பாத்தியிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

சில நாள் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் மறுகரையின் விழா நடந்தது. முதல் தொகுதி ஆட்களின் மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது. மாரப்பனைப் போல இரண்டாவது தொகுதியில் வந்தவர்களுக்கு இன்னும் கெடு பாக்கியிருந்தது. பணம் போட்டவர்கள் வந்திருந்தார்கள், அதிகாரிகள் வந்திருந்தார்கள். துணையாளர்கள் எல்லோரும் ஒரே நிறப் புடவையில், ஒரே நிறச் சட்டையில் வரவேண்டும் என்று உத்தரவு. சுகந்தி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடைத் திரையில் ‘திரும்பாதவர்கள்’ என்ற தலைப்பு வந்தது. அதன் கீழே ஜெயிலுக்குத் திரும்பிப் போகாதவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வீணை ஒலித்தது. ஒவ்வொரு முகத்துக்கும் கைதட்டினார்கள். சுகந்தியும் தட்டினாள். அவளுடைய ஆட்களின் முகம் வந்தபோது சத்தமாகவே தட்டினாள்.

நாச்சிமுத்துவின் முகம் வந்தது.

போன தீபாவளிக்கு அவளே எடுத்த படம் அது. புதுச்சட்டையின் கழுத்து அட்டையைக்கூட எடுக்காமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், “எவ்வளவு நல்ல சிரிப்பு பாருங்க” என்றாள்.

சுகந்தியின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அடுத்த முகமும் அவளுக்குத் தெரிந்ததுதான். கல்குவாரியில் பாறை விழுந்து செத்தவன், இன்னொரு துணையாளரின் ஆள். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு கிணறு வெட்டும்போது மண் சரிந்து மூடியவன் வந்தான். அதற்கும்.

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். நடைவழியில் மேலாளர் மனோகர் யாருக்கோ கைகுலுக்கி வழியனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தனியாகும்வரை காத்திருந்தாள்.

“சார், செத்துப்போனவங்க படத்தையெல்லாம் போட்டுக் கைதட்டறாங்க.”

மனோகர் குரலைத் தாழ்த்தினார். “படம் போட்டது தப்புதான் சுகந்தி. டிசைன் பண்ணவங்க பாத்திருக்கணும். நான் சொல்றேன்.”

“படம் கிடக்கட்டும் சார். அவங்க எப்படி வெற்றிக் கணக்குல வந்தாங்க?”

“ஒப்பந்தத்துல என்ன இருக்கு? மூணு வருஷத்துக்குள்ள ஒரு ராத்திரியாவது ஜெயில்ல படுத்தா தோல்வி, இல்லைன்னா வெற்றி. அவங்க படுக்கல.”

“மண்ணுக்குள்ள படுத்திருக்காங்க.”

“கோபப்படாதீங்க. அடுத்த ஒப்பந்தத்துல இதையெல்லாம் சரி பண்ணலாம். இப்ப உள்ள போய் உக்காருங்க, கேமரா ஓடுது.”

அவள் உள்ளே போகவில்லை. திருப்பூர் பஸ் ஏறி, வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு நினைப்பு அவளை விடாமல் குடைந்தது. அந்த மூன்று பேரின் காப்பும் சிவப்பாக எரிந்ததுதானே?

மறுகரையில் காப்புக்கான கணிப்புகளைக் கவனித்துவந்தவள் யாழினி. சென்னைப் பெண், சின்ன வயது. மனுசரோடு அதிகம் பேசாதவள் என்று பெயர். சுகந்தியோடு மட்டும் பேசுவாள், ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது ரசம் கொண்டுபோய்க் கொடுத்ததிலிருந்து. அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்காரவைத்துச் சுகந்தி விஷயத்தைச் சொன்னாள். பார்த்துச் சொல்கிறேன் என்று போன யாழினி இரண்டு நாள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் அவளே அதே பேக்கரிக்குக் கூப்பிட்டாள். வாங்கிவைத்த டீயைத் தொடவில்லை.

“சுகந்திக்கா, நான் சொல்றத கேட்டுட்டு என்னைத் திட்டாதீங்க.”

“சொல்லு.”

“காப்புக்கு நாங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தோம். யாரும் ஜெயிலுக்குத் திரும்பிப் போகக் கூடாது, அதுக்கு என்ன வழின்னு நீயே கண்டுபிடி. அவ்வளவுதான். எந்த வேலைக்கு அனுப்பினா ஆளு திரும்பிப் போறதில்லன்னு அது பாத்துக்கிட்டே வரும். பனியன் கம்பெனிக்கு அனுப்பினா சிலர் திரும்பிப் போறாங்க. ஓட்டலுக்கு அனுப்பினாலும் சிலர் போறாங்க.”

“சரி.”

“கழிவுத் தொட்டிக்கு அனுப்பினவங்க யாருமே திரும்பிப் போகல. குவாரிக்கும் அப்படித்தான்.” யாழினியின் குரல் இறங்கியது. “ஏன் போகலன்னு அது கேக்காதுக்கா. செத்ததால போகலையா, திருந்தினதால போகலையான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். அதனால சிவப்பு எரியற ஆளுங்கள, வேற எந்த வழியும் வேலைக்கு ஆகலைன்னா, அங்க அனுப்பக் கத்துக்கிச்சு. நாடி நின்னதும் பச்சை காட்டறதும் அதனாலதான். இனிமே அவங்க திரும்பவே மாட்டாங்கன்னு அதுக்கு நிச்சயமாத் தெரியும்.”

பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்டுச் சத்தம் போட்டார்கள். 

“நாச்சிமுத்து வேலை மாத்தச் சொல்லிக் கேட்டது?”

“அதுதான் நிறுத்தி வெச்சிருக்கு.”

“இது யாருக்காவது தெரியுமா?”

“ஒருத்தரும் அப்படிச் செய்யச் சொல்லலக்கா. சத்தியமா. ஆனா இந்த வேலைகளுக்குப் போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பலன்னு போன வருஷமே நான் மனோகர் சாருக்குக் காட்டினேன். எனக்கு அப்ப காரணம் தெரியாது. அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். அந்த இடங்களை இன்னும் அதிகமாப் பிடிங்கன்னார்.”

அன்று சாயங்காலம் சுகந்தியின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நாச்சிமுத்து செத்த நாளிலிருந்து மாரப்பனின் காப்பு சிவப்பை விட்டு இறங்கவில்லை. தூக்கமில்லை, கோபம் அடங்கவில்லை. அதனால் அவனை பாய்லரிலிருந்து மாற்றச் சொல்லியிருந்தது. புது வேலை, சுத்திகரிப்பு உதவியாளர். கீழே ‘சம்மதம்’ என்ற பொத்தான் மின்னியது.

அவள் கைபேசியை மனோகரின் மேசைமேல் வைத்தாள். யாழினி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். யாழினியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மனோகர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“அபாயமான வேலையில ஆள் சாகறது நம்ம நாட்டுல புதுசா சுகந்தி? ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு வேற யார் வேலை குடுக்கறாங்க, சொல்லுங்க. நம்மால எத்தனையோ குடும்பம் நல்லாயிருக்கு. அதுல உங்க உழைப்பும் இருக்கு. நாலஞ்சு பேருக்காக இதை நிறுத்தினா மத்தவங்க கதி என்ன?”

“நிறுத்தச் சொல்லல சார். தொட்டிக்கு அனுப்பறத மட்டும் நிறுத்துங்க.”

“அதை மட்டும் கழிச்சா கணிப்பு மாறும். ரெண்டாவது தொகுதிக்குப் பணம் போட்டவங்க இந்தக் கணிப்ப நம்பித்தான் போட்டிருக்காங்க.” கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். “இதுல நீங்க அழுத்தலைன்னா இன்னொரு துணையாளர் அழுத்துவார். எனக்கு ஒண்ணும் இல்ல.”

சுகந்தி நேராக மாரப்பனின் வீட்டுக்குப் போனாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான்.  எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவள், “நீங்க எங்காவது போயிருங்க. சொந்தக்காரங்க யாரும் இல்லையா?” என்றாள்.

“நாம் போனா எம்பட எடத்துக்கு இன்னொருத்தன எறக்குவாங்க.”

“தெரியுதுங்க. எனக்கும் வேற வழி தெரியல.”

மாரப்பன் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஜெயில்ல ஒரு ராத்திரி படுத்தாலே அவிங்களுக்கு நட்டமுன்னு சொன்னீங்கல்ல மேடம்?”

“ஆமா.”

“அப்ப எல்லாருமாச் சேந்து போயிப் படுத்துட்டா?”

அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். வெளியே வருவதற்கு எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவன் கேட்பதாக இல்லை. இரண்டே நாளில், பட்டறைகளிலும் குவாரிகளிலும் இருந்த, இன்னும் கெடு முடியாத காப்புக்காரர்கள் பலபேரிடம் பேச்சுப் பரவிவிட்டது. கைபேசியைத் தொடாமல் ஆளுக்கு ஆள் நேரில் போய்ச் சொன்னார்கள். வராதவர்களும் இருந்தார்கள். பிள்ளைகுட்டி இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டவனை யாரும் ஏசவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் பாப்பாத்தி நாச்சிமுத்துவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பஸ்கள் வரிசையாக நின்றன. அத்தனை மணிக்கட்டும் சிவப்பாக எரிந்தது. போலீஸ் வந்தது, கலைந்து போகச் சொன்னது, பிறகு வேனில் ஏற்றியது. ஏறும்போது சிலர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

வேன் ஜெயிலுக்குப் போகவில்லை. மறியல் செய்கிறவர்களை வழக்கமாக அடைக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போனது. மத்தியானம் தக்காளி சாதம் கொடுத்தார்கள். மறுகரையின் வக்கீல்கள் அதற்கு முன்பே வந்து இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலமானதும் இன்ஸ்பெக்டர், “கேஸெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்” என்றார்.

“நம்மள உள்ள போகக்கூட விடமாட்டீங்கறாங்களே!” என்று ஒருவன் கத்தினான்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கெஞ்சிப் பார்த்தார். வாசலில் கல்யாண வீட்டார் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்து நின்றுவிட்டார்கள். அடுத்த நாள் முகூர்த்தம். கடைசியில் மாரப்பனும் சிலரும் மறுபடி ரோட்டில் போய்ப் படுத்தார்கள். இந்தத் தடவை பஸ்ஸின் சக்கரத்துக்கு முன்னால். வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டு, காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மாஜிஸ்ட்ரேட் நடுத்தர வயதுப் பெண். காகிதங்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தானே என்றார். மறுகரையின் வக்கீல், எல்லோருக்கும் ஜாமீன்தாரர் தயார் என்று எழுந்தார். அந்த ஜாமீன்தாரர்களைக் காப்புக்காரர்கள் யாரும் முன்னேபின்னே பார்த்ததில்லை.

“எங்களுக்கு ஜாமீன் வேண்டாமுங்க” என்றான் மாரப்பன்.

“கையெழுத்துப் போடலைன்னா சிறைக்குத்தான் அனுப்பணும். தெரியுமா?”

“தெரியுமுங்கம்மா. அதுக்குத்தான் வந்திருக்கறோம்.”

“ஏன்?”

மாரப்பன் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தான். பேசி வழக்கமில்லாதவன். சுகந்தி பின்னால் நின்றிருந்தாள்.

“ஜெயிலுக்குள்ள ஒருத்தஞ் செத்தா, உங்களாட்ட ஒரு மாஜிஸ்ட்ரேட் வந்து ஏன் செத்தான்னு விசாரிக்கோணும்னு சட்டம் இருக்குதுங்க. நான் உள்ள இருக்கறப்ப ரெண்டுதரம் வந்து கேட்டாங்க. ஆனா வெளிய நாங்க செத்தா, வெற்றின்னு எழுதிப்போட்டுக் கைதட்டறாங்கம்மா. அதனால உள்ளயே இருந்துக்கறோமுங்க. அங்க எங்க உசுருக்கு ஒரு கேள்வியாச்சும் இருக்குது.”

வக்கீல் ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு மாரப்பனையே முழுக்கச் சொல்லவிட்டார். தொட்டி, குவாரி, கிணறு எல்லாம் வந்தது. பாப்பாத்தியும் பேசினாள். நீதிமன்ற எழுத்தர் எல்லாவற்றையும் பதிந்துகொண்டார். நாச்சிமுத்துவின் சாவு பற்றிப் புகார் வந்தால் போலீஸ் தட்டாமல் வாங்கி விசாரிக்க வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டார். மாரப்பனையும் மற்றவர்களையும் காவலில் வைக்கச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

சிறை வாசலில் விதிப்படி காப்புகளை வெட்டிப் போட்டார்கள். மாரப்பன் வெளுத்துப்போன மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தான்.

சுகந்தி அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். வழியில் மனோகர் கைபேசியில் பிடித்தார். அவளை வேலையிலிருந்து நீக்கியாயிற்றாம். பணம் போட்டவர்கள் ஆடிப்போயிருக்கிறார்களாம். “இத்தனை பேரை நீங்கதான் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க” என்றார். அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

ஸ்டேஷனில் அதே இன்ஸ்பெக்டர். கல்யாண மண்டபத்துக் களைப்பு அவர் கண்ணில் இன்னும் இருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“புகார் வாங்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வந்துருச்சு. நான் மாட்டேன்னு சொல்லலங்க. ஆனா யார் மேல புகார்?”

“நாச்சிமுத்துவைச் சாகறதுக்குன்னே அந்தத் தொட்டிக்கு அனுப்பினவங்க மேல.”

“அதாங்க, பேரு வேணுமே. உத்தரவு வந்ததும் போன்ல பட்டறைக்காரரைக் கேட்டேன். கம்பெனி ஆள் அனுப்புச்சு, வேலை குடுத்தேன், நல்லது பண்ணப்போய் வம்புங்கறாரு. உங்க மனோகர் சாரு மெஷின்தான் எடம் சொல்லுச்சுங்கறாரு. மெஷின் செஞ்சவங்க நாங்க அப்படிச் சொல்லித்தரவே இல்லங்கறாங்க. பணம் போட்டவங்களுக்குத் திருப்பூரு எந்தப் பக்கம்னே தெரியாது.” அவர் கையை விரித்தார். “மெஷின் பேரை எழுதிட்டுப் போனா கோர்ட்டுல சிரிப்பாங்க மேடம். யாரோ ஒருத்தர் செஞ்சிருந்தா புடிச்சுரலாம். இது ஆருமே செய்யலையே.”

சுகந்தி தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தாள். யாருமே செய்யவில்லை. விழா மண்டபத்தில் கைதட்டியவர்கள் செய்யவில்லை, நடைவழியில் கைகுலுக்கியவர் செய்யவில்லை, பேக்கரியில் அழுகை வராமல் உட்கார்ந்திருந்த பெண் செய்யவில்லை. ஒரு மனுசன் மூச்சடைத்துச் செத்திருக்கிறான். அவனுக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் கையிலும் சேறு ஒட்டவில்லை.

“செஞ்ச ஆள் ஒண்ணு இருக்குதுங்க” என்றாள். “மெஷின் என்னதான் சொன்னாலும் துணையாளர் சம்மதம் அழுத்தாம ஆளை மாத்த முடியாது. நாச்சிமுத்துவுக்கு அழுத்தினது நான். என் பேரை எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “விளையாடாதீங்க மேடம். நீங்களே புகார் குடுத்து நீங்களே எதிரியா?”

“புகாரைப் பாப்பாத்தி குடுப்பாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க.”

“உங்களுக்கு என்னங்க தெரியும்? மெஷின் சொன்னதுக்கு நீங்க அழுத்துனீங்க.”

“அதையேதான் மத்தவங்களும் சொல்றாங்க. நானும் சொன்னா எல்லாருமே வீட்டுக்குப் போயிரலாம்.” அவள் குரல் உயர்ந்தது. ரைட்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். “அவன் நாத்தம் தாங்கலன்னு என்கிட்டத்தான் வந்து நின்னான். மெஷின்கிட்ட இல்ல.”

“உள்ள போயிருவீங்க. வெளையாட்டில்ல இது.”

“பரவால்லீங்க. முதல் எதிரின்னு என்னைப் போடுங்க. போட்டா என்னை விசாரிக்கணும்ல? யார் சொல்லி அழுத்துனேன்னு கேட்டாகணும்ல? நான் சொல்றேன். அவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேளுங்க. அவரும் இன்னொரு ஆளைக் காட்டுவாரு. அப்படியே மேல போயிட்டே இருங்க சார். கைதட்டினாங்களே, அவங்க வரைக்கும் போங்க. எங்கியோ ஒரு எடத்துல ஒரு மனுசன் இருந்துதானே ஆகணும்?”

 வெளியே பெஞ்சில் பாப்பாத்தி இருமுவது கேட்டது. இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பக்கத்தில் வரச்சொல்லி, நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க” என்றார். “முழுப் பேரு?”